பதினொன்றில் ஒன்று குறைந்த நாள்

எங்கள் அண்ணனை அனுப்பிவைத்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் நிறைகிறது. அவருடைய நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், விமான நிலையத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் இந்தத் தம்பியின் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இந்தக் கட்டுரையை ஆள் வைத்து எழுதச் சொல்லியிருக்கலாம். செங்கல்பட்டில் அதற்கு ஆள் இல்லாமலில்லை. ஆனால் வாடகைக்கு ஓட்டிய ஒரு பழைய அம்பாசிடரிலிருந்து பதினாறு வேன் வரைக்கும் நானே கொண்டுவந்தேன், எவன் சிபாரிசும் கேட்டதில்லை. அண்ணனைப் பற்றி நாலு வார்த்தை எழுத மட்டும் எதற்கு இன்னொருத்தன்? எழுத்துப் பிழைகளை என் மருமகள் பார்த்துத் திருத்தியிருக்கிறாள். ஓரிடத்தில் மட்டும் பேனாவை நிறுத்திவிட்டு, "மாமா, இது வேணுமா?" என்று கேட்டாள். வேண்டும் என்றேன். அந்த இடம் வரும்போது உங்களுக்கே தெரியும்.

அண்ணன் பிறந்தது திருக்கழுக்குன்றம் போகிற வழியில் உள்ள எங்கள் ஊரில். ஏரிக்குக் கீழே இரண்டு காணி நிலம், நாலு மாடு, வேறு சொத்து கிடையாது. எனக்கு மூன்று வயது மூத்தவர். நைனா காலமானபோது அண்ணனுக்குப் பதினாலு வயது. இருவரில் ஒருவர்தான் படிக்கலாம் என்ற நிலைமை. "அண்ணன் படிக்கட்டும் என்று நான் விட்டுக்கொடுத்தேன்" என்று பல மேடைகளில் பேசியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் படிப்பு ஏறவில்லை. அண்ணனுக்கு ஏறியது. வாத்தியார் ஒரு கணக்குக் கொடுத்தால் விடை வந்த பிறகும் இன்னொரு தரம் முதலிலிருந்து போட்டுப் பார்ப்பார். "அதான் வந்துடிச்சே, இன்னும் இன்னா?" என்று கேட்டால், "வந்தது சரியானு பாக்க வேணாமா?" என்பார். அந்தப் புத்தி கடைசிவரை மாறவில்லை.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து முடித்தார். முடித்ததும் வேலை வந்து காத்துக்கொண்டிருக்கவில்லை. சில வருஷம் நிலத்தைப் பார்த்தார், சில வருஷம் மோட்டார் பம்பு ரிப்பேர் பார்த்தார். பிறகு ஒரு கான்ட்ராக்டர் மூலமாக மீனம்பாக்கம் விமான நிலையத்தில் மூட்டை ஏற்றுகிற வேலை கிடைத்தது. விடிகிறதற்கு முன்னால் செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி, திரிசூலத்தில் இறங்கி, ரோட்டைத் தாண்டினால் வேலை. அந்த நாளில் நாட்டுக்குள்ளே பறக்க சர்க்கார் விமானம் ஒன்றுதான். அதில் ஏறுகிறவர்கள் மந்திரி, முதலாளி, சினிமாக்காரர். பிறகு நம் மாமல்லபுரத்துக்கு வந்துபோகிற வெள்ளைக்காரர்கள். அவர்கள் கற்சிலைகளை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு வருவார்கள். தூக்குகிறவனுக்கு முதுகு போகும். ஒருநாள் அண்ணன் வீட்டுக்கு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னாண்ணா ஆச்சு?" என்றேன். "இன்னிக்கு மட்டும் ஆறு பிள்ளையாரை அமெரிக்காவுக்கு அனுப்பி வெச்சேன்டா" என்றார்.

அந்த வெள்ளைக்காரர்களை விமான நிலையத்திலிருந்து கடற்கரைக்குக் கொண்டுவந்து விடுகிற வேலையைத்தான் நான் பிடித்தேன். அண்ணன் அவர்கள் பெட்டியை இறக்குவார். நான் அவர்களை ஏற்றுவேன். விமானம் அதிகமானால் என் வண்டி அதிகமாகும். இது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் இன்று நான் நானாக இருக்கிறேன்.

தொண்ணூறுகள் பிறந்தபோது சர்க்கார் கதவைத் திறந்துவிட்டது. தனியார் கம்பெனிகளும் விமானம் ஓட்டலாம் என்றார்கள். ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். விமானத்தை வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்துவிடலாம், அதை ராத்திரி பகல் பார்த்துக்கொள்கிற ஆளை எங்கே எடுப்பது? ஆள் தேடினார்கள். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஐ.டி.ஐ. ஃபிட்டரை ஒரு பெரிய இன்ஜினியர் கவனித்து, விமானக் கொட்டகைக்குள் ஹெல்பராகக் கூப்பிட்டுக்கொண்டார். அண்ணன் வாழ்க்கையில் திரும்பிய இடம் அதுதான்.

விமானத்தை ரிப்பேர் பார்க்க எவன் வேண்டுமானாலும் கை வைக்கலாம். "இது பறக்கலாம்" என்று கையெழுத்துப் போட லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸுக்குப் பரீட்சைமேல் பரீட்சை, எல்லாம் இங்கிலீஷில். அண்ணன் ரயிலில் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி படித்தார். மறைமலைநகர் ஆட்கள் சீட்டு விளையாடுகிற பெட்டியில் இவர் மட்டும் தடிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பார். ஒரு தாள் தேறுவார், அடுத்த தாளில் விழுவார், மறுபடி எழுதுவார்.

நடுவில் அந்தக் கம்பெனி மூடிப்போனது. அவர் கம்பெனி மட்டுமில்லை, அந்தச் சமயத்தில் வந்தவர்களில் பலர் மூடிக்கொண்டு போனார்கள். வானத்தைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டார்கள் போல. எண்ணெய் விலை, வாடகை, சம்பளம் எல்லாம் தரையில்தானே இருக்கிறது. ஒரு காலையில் போனால் கொட்டகை வாசலில் பூட்டு. அண்ணன் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே திரும்பி வந்தார்.

அப்போது இரண்டு வருஷம் என் வேன் ஷெட்டில்தான் இருந்தார். நான்தான் வைத்துக்கொண்டேன் என்று பெருமையாகச் சொல்வேன். ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் என் ஒரு வண்டிகூட ரோட்டில் நின்றதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஷெட்டுக்கு வந்த முதல் வாரமே சுவரில் ஒரு பலகை அடித்தார். ஸ்பேனர், திருப்புளி, சுத்தி என்று ஒவ்வொன்றையும் பலகைமேல் வைத்து, அதைச் சுற்றி வெள்ளைப் பெயின்டில் கோடு இழுத்தார். எடுத்தால் அந்த உருவம் காலியாகத் தெரியும். சாயந்திரம் ஒரு உருவமும் காலியாக இருக்கக் கூடாது. இருந்தால் ஷெட்டைப் பூட்ட விடமாட்டார்.

எங்கள் மெக்கானிக் முனுசாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னா பெரியவரே, ரோட்டுல அடிபட்டவனுக்குப் போலீஸ்காரன் கோடு போடற மாதிரி ஸ்பேனருக்குக் கோடு போட்டுகினு கீறீங்க?"

"அதே கோடுதான்டா" என்றார் அண்ணன். "அந்த எடம் காலியா இருந்தா, எங்கியோ ஒருத்தன் அடிபடப் போறான்னு அர்த்தம்."

பிறகு எனக்குத் தனியாக விளக்கினார். வேனில் ஒரு ஸ்பேனரை மறந்துவைத்தால் கடகடவென்று சத்தம் வரும், ஓரமாக நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம். விமானத்தில் ஓரம் என்பது கிடையாது. இறக்கைக்குள் ஒரு சின்னச் சாமான் கிடந்து, போய் விமானத்தைத் திருப்புகிற கம்பிக்கும் உருளைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான். அதனால் வேலை தொடங்கும்போது எண்ண வேண்டும், முடித்ததும் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால், கிடைக்கிற வரைக்கும் விமானம் எழும்பாது. "மொதல்ல எண்ணினாத்தான்டா கடைசில எண்ணறதுக்கு மதிப்பு" என்றார். நான் சரி சரி என்று தலையாட்டினேன். உள்ளே போகவில்லை.

இரண்டாயிரம் ஆண்டு தாண்டியபோது அண்ணன் மறுபடி விமானத்துக்கே போய்விட்டார். லைசென்ஸும் வந்துவிட்டது. எங்கள் வம்சத்திலேயே கையெழுத்துக்கு இத்தனை மதிப்பு அவருக்குத்தான். நான் கையெழுத்துப் போட்டால் ஒரு வேன் வரும். அவர் போட்டால் ஒரு விமானமே கிளம்பும். பிறகு குறைந்த கட்டணக் கம்பெனிகள் வந்தன. ரயில் ஏ.சி. டிக்கெட்டோடு கொஞ்சம் சேர்த்தால் விமானத்தில் போகலாம் என்றார்கள். கேளம்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கிய கம்ப்யூட்டர் பிள்ளைகள், அணுபுரத்தில் குடியிருக்கிற அணுமின் நிலைய ஆபீசர்கள், எல்லாரும் பஸ் ஏறுகிற மாதிரி ஏற ஆரம்பித்தார்கள். ஊர் ஊராக விமானம் விட்டார்கள். விமானம் பெருகிய வேகத்துக்குக் கையெழுத்துப் போடுகிற ஆள் பெருகவில்லை. அண்ணனுக்கு இரட்டை ஷிப்ட் வழக்கமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் என் மகனுக்கு மதுரையில் பெண் அமைந்தது. நிச்சயத்துக்கு நாங்கள் அங்கே போக வேண்டும். எல்லாரும் வேனில் போகலாம் என்றார்கள், வரிசையாக வேன் வைத்திருக்கிறவன் வீடு அல்லவா. நான் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன்: "என் புள்ளைக்கு நிச்சயம். பிளேன்ல போறோம்." சம்பந்தி வீட்டுக்கும் போன் போட்டு அதைச் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். பதின்மூன்று பேர், இருபத்தோரு வரிசைத் தட்டு, பகல் பன்னிரண்டு மணிக்குள் நல்ல நேரம்.

பெரியப்பாவான அண்ணன்தான் முன்னால் நிற்க வேண்டியவர். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. வருத்தத்தோடு வந்து, "நீங்க போற பிளேனை நானே பார்த்து அனுப்பறேன்டா. என் மரியாதை அதுதான்" என்றார். அண்ணி எங்களோடு வருவதென்று முடிவாயிற்று.

அன்றைக்கு விடியற்காலையில் ஷெட்டு வாசலில் தட்டுகளை வேனில் ஏற்றினோம். எங்கள் அத்தை தட்டுகளை மூன்று முறை எண்ணினார். வெற்றிலை பாக்கு, பழம், பூ, புடவை, மஞ்சள். "இருவத்தொண்ணு, இருவத்தொண்ணு, சரியா கீது" என்று சொல்லிவிட்டு மறுபடி எண்ணினார். காலை ஷிப்டுக்காக அண்ணனும் அதே வேனில் எங்களோடு ஏறிக்கொண்டார். முந்தின நாள் இரட்டை ஷிப்ட் பார்த்திருந்தார். வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். அவருடைய பை என் காலடியில் இருந்தது. அதற்குள் தோல் சுருளில் அவருடைய சொந்தக் கருவிகள், பதினொன்று. ஒவ்வொன்றிலும் அவருடைய எண் பொறித்திருக்கும்.

சிங்கப்பெருமாள்கோயில் தாண்டியதும் வேனின் தள்ளு கதவு தடதடவென்று ஆடியது. பூட்டுப் பக்கத்து ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். அண்ணனை எழுப்பவில்லை. பையைத் திறந்து, சுருளிலிருந்து சிவப்புக் கைப்பிடி போட்ட குட்டைத் திருப்புளியை உருவி, இரண்டு நிமிஷத்தில் முறுக்கிவிட்டேன். "பார்த்தியா, மொதலாளினா இப்படி இருக்கணும்" என்று டிரைவரிடம் சொன்னது நினைவிருக்கிறது. சொல்லிக்கொண்டே முன் சீட்டில் ஏறி, திருப்புளியை டாஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடினேன். அத்தோடு மறந்தேன்.

விமான நிலையத்தில் இறங்கியதும் ஒரே அமளி. ஒருவரும் இதற்குமுன் உள்ளே கால் வைத்ததில்லை. "அண்ணாத்த, எந்தப் பக்கம் போவணும்?" "பெரியப்பா, தட்டை மடியில வெச்சிக்கலாமா?" "வாந்தி வந்தா நிறுத்துவானா?" கடைசிக் கேள்வி அத்தையுடையது. அண்ணன் பொறுமையாக ஒவ்வொருவரையும் வரிசையில் நிறுத்தி, அடையாள அட்டைகளை வாங்கிக் கொடுத்து, அத்தை கையைப் பிடித்து உள்ளே அனுப்பினார். ஷிப்டுக்குக் கால் மணி தாமதம். ஓடினார். வேலை தொடங்கும்போது எண்ண வேண்டும் அல்லவா, அன்றைக்கு எண்ணவில்லை. அவர் வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் எண்ணாமல் விட்ட ஒரே காலை. எங்களால்தான்.

இறக்கையில் இரண்டு காத்தாடி வைத்த சின்ன விமானம். ஏறி உட்கார்ந்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அண்ணன் கீழே நிற்கிறார். பிள்ளைகள் கையாட்டினார்கள். அவர் பார்க்கவில்லை. தரையில் தோல் சுருளை விரித்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். மறுபடி எண்ணினார். பைக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு எழுந்து இறக்கைக்கு அடியில் போய் நிமிர்ந்து பார்த்தபடி நின்றார். சற்றுநேரம் கழித்துப் படியேறி உள்ளே வந்தார். எங்கள் பக்கம் திரும்பாமல் நேராக விமானியிடம் போனார். ஐந்து நிமிஷத்தில் எல்லாரையும் இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

படிக்குக் கீழே அவரைப் பிடித்தேன்.

"இன்னாண்ணா இது? நம்ம பிளேனையே நிறுத்திட்டியே!"

"ஒரு சாமான் கொறையுதுடா. காலையில மூடியைத் தொறந்து வேலை பார்த்தேன். உள்ள வுழுந்துடிச்சோ இன்னாவோ. தேடணும்."

"இன்னா சாமான்?"

"ஒரு திருப்புளி."

மனசாட்சி இருக்கிறவனுக்கு அந்த இடத்தில் மின்னல் வெட்டியிருக்க வேண்டும். எனக்கு வெட்டவில்லை. நிஜமாகவே நினைவு வரவில்லை. சம்பந்தி முகமும் பன்னிரண்டு மணியும்தான் கண்ணில் நின்றன.

"ஒரு திருப்புளிக்கா? வெளிய கடையில நூறு வாங்கித் தரேன், வுடுண்ணா!"

"வாங்கறது பிரச்சனை இல்லடா. அது எங்க கீதுன்றதுதான் பிரச்சனை."

"நல்ல நேரம் போவுது!"

"தெரியும். இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்."

அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். மருமகள் "வேணுமா?" என்று கேட்டது இதைத்தான். அண்ணன் அண்ணிக்குக் குழந்தை இல்லை. பதின்மூன்று பேர் முன்னால், அண்ணி பக்கத்தில் பூத்தட்டை ஏந்தி நிற்கும்போது, "ஒனக்குப் புள்ள இல்ல, அதான் என் புள்ளைக்கு நல்லது நடக்கறது பொறுக்கல" என்றேன். அண்ணன் அண்ணியைப் பார்த்து, "நீ போய் நெழல்ல ஒக்காரு" என்றார். திரும்பி இறக்கைக்கு அடியில் போய்விட்டார்.

நாலு மணி நேரம் தேடினார்கள். கிடைக்கவில்லை. கம்பெனியின் பெரிய இன்ஜினியர் வந்து, ஒவ்வொரு மூடியாகக் கழற்றிப் பார்த்து, உள்ளே இல்லை என்று எழுதி, அவர் பொறுப்பில் விமானத்தை விட்டார். நாங்கள் மதுரை போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் எப்போதோ போய்விட்டிருந்தது. சம்பந்தி பெரிய மனது பண்ணி, சாயந்திரம் வேறு நேரம் பார்த்து நிச்சயத்தை நடத்தினார். கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. அந்தப் பெண்தான் இன்று இந்தக் கட்டுரையைத் திருத்துகிறாள். ஆனால் அண்ணனுக்கு அன்றைக்கே ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. என் பெரிய மச்சான்தான் மதுரையிலேயே ஆரம்பித்தார்: "பிளேனை நிறுத்தின பெரியப்பா."

ரயிலில் ஊர் திரும்பினோம். இரண்டு நாள் கழித்து ஆர்.சி. புத்தகம் தேடி அந்த வேனின் டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். சிவப்புக் கைப்பிடி.

படித்தவன் உடனே ஓடியிருப்பான் என்று நினைப்பீர்கள். படிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதை வேட்டியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அத்தனை பேர் முன்னால் அவரைப் பேசிவிட்டு, "நான்தான் எடுத்தேன்" என்று எப்படிப் போய் நிற்பது? சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் எதுவும் போகாது என்று நினைத்தேன். விமானத்தில் இல்லை என்றுதான் எழுதிவிட்டார்களே.

அந்த நாட்களில் அண்ணனுடைய கையெழுத்தை நிறுத்திவைத்து விசாரணை நடந்தது. கம்பெனி வாங்கப்போகிற புதிய பெரிய விமானத்துக்காக வெளிநாட்டுப் பயிற்சிக்கு அவர் பெயர் போயிருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள். இதெல்லாம் ஒருவர் மூலமாக ஒருவராக என் காதுக்கு வந்தது. நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நிச்சயம் முடிந்த ஒன்பதாம் நாள் அண்ணி என் வீட்டுக்கு வந்தார். விமான நிலையத்தில் நான் சொன்னதைப் பற்றி ஒரு சொல்கூட எடுக்கவில்லை. "தம்பி, ஒங்கண்ணன் சரியா சாப்பிடறதில்ல. அந்தப் பிளேன் மதுரைக்குப் போற நேரத்துக்கெல்லாம் மாடியில போய் நின்னுகினு கீறாரு. எறங்கிடிச்சானு போன் போட்டுக் கேக்கறாரு. நீ வந்து ஒரு வார்த்தை பேசேன்" என்றார்.

நான் திருப்புளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அண்ணன் மொட்டை மாடியில் நின்றிருந்தார். நான் புது வேன் வாங்குவதைப் பற்றிப் பேசினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிற ஹோட்டல்களைப் பற்றிப் பேசினேன். அவர் "ம்" கொட்டினார். தெற்குப் பக்கமாக அந்தச் சின்ன விமானம் போயிற்று. சத்தம் அடங்குகிற வரைக்கும் தலையைத் தூக்கியபடியே நின்றார். அப்போது நான் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

வாங்கினார். திருப்பி, கைப்பிடிக்குக் கீழே இருந்த எண்ணைப் பார்த்தார். கடகடவென்று இறங்கிப் போய்ப் போனை எடுத்தார். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"சார், அது கெடைச்சிடிச்சு... ஆமா சார், நம்பர் பார்த்துட்டேன்... எங்க வூட்டு வண்டியில கெடந்துது. பையிலிருந்து வழியிலயே எடுத்தாச்சு, பிளேன்கிட்ட வரவேயில்ல... இல்ல சார், காலையில நான் எண்ணல. எண்ணியிருந்தா அங்கியே தெரிஞ்சிருக்கும். என் தப்புதான் சார். எழுதிக் குடுக்கறேன்."

போனை வைத்துவிட்டுப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். திருப்புளியைக் கையில் உருட்டியபடி கேட்டார்.

"எத்தினி நாளாடா தெரியும்?"

"ஊருக்கு வந்து ரெண்டாம் நாளே பார்த்துட்டேன்ணா."

"அப்ப பார்த்ததிலிருந்து இது வரைக்கும் அந்தப் பிளேன் எத்தினி தபா ஏறி எறங்கியிருக்கும், தெரியுமா?"

எனக்கு எப்படித் தெரியும்?

"முப்பத்தெட்டு தபா" என்றார். "ஒவ்வொரு தபாவும் எறங்கிடிச்சான்னு கேட்டுக்கினு இருந்தேன்."

அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. உள்ளே பார்த்து, "தம்பி வந்துகீறான், காபி போடு" என்று குரல் கொடுத்தார். அந்தக் காபியைக் குடித்த மாதிரி நான் வேறெதையும் கஷ்டப்பட்டுக் குடித்ததில்லை.

கையெழுத்து திரும்பக் கிடைக்க அவருக்கு ஆறு மாதம் ஆயிற்று. வெளிநாட்டுப் பயிற்சிக்கு வேறொருவர் போனார். அண்ணன் கடைசிவரை அந்தச் சின்ன விமானங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதிக் கொடுத்த கடிதத்தில் என் பெயர் இல்லை. சொந்தக்காரர் ஒருவரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை, அண்ணியும் சொல்லவில்லை. அதன்பிறகு எத்தனையோ கல்யாணம், காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்தால் யாராவது ஆரம்பிப்பார்கள்: "அண்ணாத்த, பஸ்ஸை வுட்டுடுவீங்களா, அதையும் நிறுத்திடுவீங்களா?" அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். உங்களில் பலர் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறீர்கள். அதை எல்லாரையும்விட நன்றாகச் சொல்லிச் சிரிக்கவைத்தவன் நான்தான்.

இப்போது மீனம்பாக்கத்தில் எந்நேரமும் விமானம் ஏறுகிறது, இறங்குகிறது. நாடு வளர்ந்துவிட்டது என்று பேப்பரில் போடுகிறார்கள். வளர்ந்ததுதான், என் பதினாறு வேனே சாட்சி. ஆனால் பேப்பரில் எத்தனை விமானம் வாங்கினார்கள் என்றுதான் வருகிறது. கீழே குனிந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறவனைப் பற்றி வருவதில்லை. நல்ல நேரம் போகிறது என்று தம்பியே கத்தினாலும் "போட மாட்டேன்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இருந்தபடியால்தான் நம் ஊர்க்காரர்கள் பயமில்லாமல் ஏறி உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டு போகிறார்கள்.

போன வருஷம் அண்ணனுக்கு ஈரலில் நோய் கண்டது. நாலு மாதம் படுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் ஒருநாள் மத்தியானம், அண்ணி சாப்பிடப் போயிருந்த நேரம், "எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமாண்ணா?" என்று கேட்டேன். எதைப் பற்றி என்று அவருக்குப் புரிந்தது.

"இப்ப எதுக்குடா? எண்ணிக்கை சரியாயிடிச்சு. யாரு எடுத்தா இன்னா."

அவருக்குச் சரியாகிவிட்டது. எனக்குத்தான் ஒன்று குறைந்துகொண்டே இருந்தது. காரியம் முடிந்த அன்று அண்ணி அந்தத் தோல் சுருளை என் கையில் கொடுத்தார். ஷெட்டுப் பலகையில் இடம் ஒதுக்கி, பதினொன்றையும் மாட்டி, அவர் போட்ட மாதிரியே வெள்ளைக் கோடு இழுத்து வைத்திருக்கிறேன். கோடு கொஞ்சம் கோணல். முனுசாமி சிரிக்கவில்லை.

அண்ணனின் நோய்க்காலத்தில் இரவு பகல் பார்க்காமல் உடனிருந்த அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவர் காலைத்தான் தொட வேண்டும், தொட்டுவிட்டேன். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த அண்ணனின் கம்பெனிப் பிள்ளைகளுக்கும், மதுரையிலிருந்து மூன்று முறை வந்து பார்த்துப்போன சம்பந்திக்கும், தூக்கிச் சுமந்த ஊர்க்காரர்களுக்கும், எங்கள் டிரைவர்களுக்கும், பந்தலில் நின்று சோறு பரிமாறிய என் பெரிய மச்சானுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யார் பெயரையாவது விட்டிருந்தால் அது நான் எண்ணாத குற்றம், மனதில் வைக்க வேண்டாம்.

கடைசியாக, அன்றைக்கு அந்த விமானத்திலிருந்து இறங்கி வெயிலில் நின்ற பதின்மூன்று பேருக்கும் ஒரு வேண்டுகோள். அந்தக் கதையை மறக்க வேண்டாம். இனிமேலும் கல்யாண வீடுகளில் சொல்லுங்கள், சிரியுங்கள். பெரியப்பா பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.